ஈரண்ணா இருமவில்லை

குண்டூர் மிளகாய் மண்டிக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை இருக்கிறது. எண்பது பெண்கள் அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்து, காலையிலிருந்து மாலைவரை மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கொட்டகையைக் கூட்டுவார்கள். அப்போது எழும்புகிற தூசி இருக்கிறதே, அது லேசுப்பட்ட தூசி இல்லை. உடைந்த மிளகாயும் தோலும் விதையும் பொடியாகிக் கிளம்பும் சிவப்புத் தூசி. எருமை மாடுகூட அந்தப் பக்கம் வந்தால் தும்மிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகளின் போட்டி தொடங்கும்.

கொட்டகை வாசலில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். மூக்கைப் பொத்தக் கூடாது. முகத்தைத் துணியால் மூடக் கூடாது. முதலில் இருமுகிறவர் அல்லது தும்முகிறவர் பெயர் மறுநாள் மாலைவரை 'தயிர்ச்சோறு'. காரம் தாங்காத குழந்தைக்குத்தானே தயிர்ச்சோறு பிசைந்து கொடுப்பார்கள்? கடைசிவரை இருமாமல் நிற்பவர் அன்றைக்கு ராஜா.

ராஜா என்று சொன்னாலும் பெரும்பாலும் ஜெயித்தது ஒரு ராணிதான். அவள் பெயர் ஹைமா. வயது பத்து. ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அம்மா திருப்பதம்மா அந்தக் கொட்டகையில்தான் காம்பு கிள்ளினாள்.

"உனக்கு மூக்கு இரும்புல செஞ்சு வெச்சிருக்கா?" என்று திருப்பதம்மா திட்டுவாள். ஆனால் திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதில் அவளும் அதே வாசலில் நின்றவள்தான்.

சங்கராந்தி முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆதோனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். வருஷா வருஷம் வருவார்கள். கிடங்குச் சுவரை ஒட்டித் தார்ப்பாய்க் குடிசைகள் போட்டுக்கொண்டு, மிளகாய்க் காலம் முடிகிறவரை இருந்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் வந்த ஒரு குடும்பத்தில் ஒரு பையன் இருந்தான். "இங்க இருக்கிறவரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்" என்று சுதாகர் சார் அவனை ஹைமாவின் வகுப்பில் உட்கார வைத்தார்.

மாலையில் அவனும் கொட்டகை வாசலுக்கு வந்தான்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டான் கோட்டேசு. அந்தத் தெருவில் வாய் ஓயாத பையன் அவன்.

"ஈரண்ணா."

"என் தோளுக்குக்கூட வரலை. உன்னைப் போய் நான் அண்ணான்னு கூப்பிடணுமா?"

"ஈரான்னு கூப்பிடு. எங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"அதுவும் சரிதான்" என்று கோட்டேசு சொல்லி முடிப்பதற்குள் உள்ளே துடைப்பங்கள் இறங்கிவிட்டன. தூசி வாசலுக்கு வந்தது. ஈரண்ணா தும்மினான். ஒன்று, இரண்டு என்று இல்லை, பதினேழு தும்மல். நடுநடுவே இருமல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள்.

"தயிர்ச்சோறு! தயிர்ச்சோறு!"

மறுநாளும் அவன்தான் முதலில் இருமினான். அதற்கு அடுத்த நாளும் அவன்தான். ஒரு நாளைக்கு என்று வைத்த பெயர் அவன்மேல் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் தயிர்ச்சோறு, குழாயடியிலும் தயிர்ச்சோறு. ஒருநாள் கொட்டகைக் கணக்கப்பிள்ளைகூட, "ஏய் தயிர்ச்சோறு, உங்க அப்பா எங்கடா?" என்று கேட்டுவிட்டார்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவனுடைய அப்பா அதைக் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஈரண்ணா பார்த்துவிட்டான்.

அன்று மாலை அவன் போட்டிக்கு வரவில்லை. கிடங்குச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஹைமா தேடிக்கொண்டு போனாள்.

"அழுதியா?"

"இல்லையே. மிளகாய் நெடி."

"இங்க ஏது நெடி? காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

ஈரண்ணா மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு, "எங்க ஊர்ல நான் பெரிய கிணத்துல மேல்படியிலேர்ந்து குதிப்பேன். எருமை மேல நின்னுக்கிட்டே போவேன், பிடிக்காம. அதெல்லாம் இங்க யாருக்குத் தெரியும்?" என்றான்.

ஹைமாவுக்குப் பாவமாக இருந்தது. இதைக் கவனமாகச் சொல்லியாக வேண்டும்: அவள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. பாவமாக இருந்ததால்தான் செய்தாள். தன்னிடம் இருந்த ஒரே ரகசியத்தை அவனுக்குக் கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இருமல் வரப்போகுதுன்னு தொண்டை முதல்லயே சொல்லிடும், கரகரன்னு. அப்ப நாக்கை மேலே அண்ணத்துல ஒட்டிக்க. எச்சிலை முழுங்கு. மூச்சைக் கொஞ்சமா விட்டுக்கிட்டே மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு. பத்து வர்றதுக்குள்ள இருமல் திரும்பிப் போயிடும்."

"போகலைன்னா?"

"மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணு."

ஈரண்ணா கெட்டிக்காரன். மூன்று வாரம் விடாமல் பழகினான். பள்ளிக்கூடம் போகும்போது பழகினான், சாப்பிடும்போது பழகினான், அம்மா அடுப்பில் மிளகாய் வறுக்கும்போது பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பழகினான். முதலில் கோட்டேசுவைத் தோற்கடித்தான். பிறகு பெரிய பையன்களையும் தோற்கடித்தான். ஒருநாள் ஹைமா ஒருத்தியிடம் மட்டும் தோற்று, இரண்டாவதாக வந்தான்.

அன்று அவனுடைய அப்பா வாசல் கடையிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இலை நிறையப் புனுகுலு வாங்கிக் கொடுத்தார். சுடச்சுடப் பொரித்த குட்டி மாவு உருண்டைகள், இஞ்சிச் சட்னியோடு. "என் பையன் குண்டூர்க்காரனாயிட்டான்!" என்று குடிசை வரிசை முழுவதும் கேட்கும்படிச் சொன்னார். ஈரண்ணாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஹைமாவுக்கும் பெருமையாக இருந்தது. தான் நட்ட செடி பூத்தது மாதிரி.

மாசி மாதத்தில் வகுப்புக்குள் ஒரு சளி நுழைந்தது. முதல் பெஞ்சில் யாரோ ஒருத்திக்கு மூக்கு ஒழுகியது. நாலே நாளில் கடைசி பெஞ்சுவரை வந்துவிட்டது. சுதாகர் சாரே இரண்டு கைக்குட்டையோடு வந்தார்.

ஹைமாவுக்கும் பிடித்தது. நான்கு நாள் வீட்டில் படுத்துக்கொண்டு ஆசை தீர இருமினாள். போர்வைக்குள் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? அம்மா பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஈரண்ணா ஒரு நாளும் விடுமுறை எடுக்கவில்லை. அவனுக்கும் மூக்கு ஒழுகியது. ஆனால் அவன் இருமவே இல்லை.

ஹைமா திரும்பி வந்த அன்றைக்கு அறிவியல் பாடம். "நீ வாசி" என்றார் சார். ஹைமா எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். "நம் மூக்கிலுள்ள முடி, தூசியைத் தடுக்கிறது. அதைத் தாண்டி வரும் கிருமிகளைச் சளி ஒட்டிப் பிடிக்கிறது. மூச்சுக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உள்ளன. அவை அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமல் அதை வெளியேற்றுகிறது."

"பிரமாதம்" என்றார் சார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

உட்காரும்போது ஹைமா பின்னால் பார்த்தாள். ஈரண்ணாவின் கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடுகள் மெதுவாக அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... சனிக்கிழமைப் போட்டிக்குப் பழகுகிறான் என்று ஹைமா நினைத்தாள். அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனுக்குத் துணையாகத் தானும் உதட்டை அசைத்து எண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு...

சனிக்கிழமை கொட்டகையை ஒட்டுமொத்தமாகக் காலிசெய்து கூட்டுவார்கள். வாரத்திலேயே பெரிய தூசி அன்றைக்குத்தான். வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேர் இருமிக்கொண்டு ஓடினார்கள். ஹைமாவும் ஈரண்ணாவும் மட்டும் எதிரெதிரே நின்றார்கள்.

அவனுடைய மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தது. சட்டைக்குள் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. மூச்சு வேகவேகமாக வந்தது. ஹைமா அதையெல்லாம் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். 'இன்னும் கொஞ்ச நேரம்தான், விட்டுடுவான்' என்று மட்டும்தான் நினைத்தாள். அவளுக்கு ஜெயிக்க வேண்டும்.

கடைசியில் அவளே இருமிவிட்டாள்.

"ஈரண்ணா ராஜா!" என்று கத்திக்கொண்டு கோட்டேசு அவனைத் தூக்கினான். தூக்கியவன் உடனே இறக்கினான். "டேய், என்னடா இப்படிச் சுடறே? அடுப்புல உக்காந்துட்டு வந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹைமாவும் சிரித்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்தச் சிரிப்பை நினைத்து அவள் தன்னையே வெறுத்தாள்.

திங்கட்கிழமை ஈரண்ணா பள்ளிக்கூடம் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஹைமா மாலையில் குடிசைக்குப் போனாள்.

அவனுடைய அம்மா உருகுந்தம்மா வாசலில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "வா பாப்பா. மூணு நாளா ஒரே காய்ச்சல். மிளகாய்ச் சூடு உடம்புல ஏறிடுச்சு. மோர் குடுத்திருக்கேன்."

"சளியா இருக்குமோ அத்தை?"

"இருமல் இருந்தாலாவது சளின்னு சொல்லலாம். இவனுக்குத்தான் ஒரு இருமல்கூட இல்லையே!"

ஹைமா உள்ளே போனாள். ஈரண்ணா சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தான். ஓடிவந்த நாய்க்கு மூச்சு வாங்குவதுபோல அவனுக்கு வாங்கியது. உதட்டோரம் கறுத்திருந்தது. அந்த உதடுகள் அசைந்தன. ஹைமா குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"ஏழு... எட்டு... ஒன்பது..."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் போட்டிக்காகப் பழகவில்லை. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கும் பழகவில்லை. அத்தனை நாளும் வந்த இருமலை ஒவ்வொன்றாக உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறான். சொந்த அம்மாவிடம்கூடக் காட்டாமல்.

"ஈரா, இருமு."

அவன் தலையை ஆட்டினான். "நாயனா பக்கத்துலதான் இருக்கார்" என்று மெல்லச் சொன்னான். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவனுடைய அப்பாவின் குரல் கேட்டது.

"இருந்தா என்ன? இருமுடா!"

"மாட்டேன். நான் ராஜா." பேசுவதற்கே அவன் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மெலிந்த கையை நீட்டினான். "நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

நீட்டிய கையை ஹைமா பார்த்தாள். சொன்னால் அவன் மறுபடியும் தயிர்ச்சோறு ஆகிவிடுவான். இனி அவளோடு பேசவே மாட்டான். சொல்லித்தந்தது யார் என்ற கேள்வியும் வரும். அவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பிறகு இருமினாள்.

அது பொய் இருமல். ஈரண்ணா விழித்துப் பார்த்தான். ஹைமா இன்னொரு முறை இருமினாள், இன்னும் சத்தமாக. பிறகு தும்மல் போல ஏதோ செய்தாள். அது ஆட்டுக்குட்டி கத்துவது போல வந்தது. மூன்றாவது முறை இருமும்போது எச்சில் தப்பிப்போய் நிஜமாகவே புரையேறிவிட்டது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, விடாமல் இருமினாள்.

ஈரண்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீதான் தயிர்..." என்று ஆரம்பித்தான். சிரித்ததில் நாக்கு அண்ணத்திலிருந்து நழுவியது. அவ்வளவுதான். உள்ளே அடைபட்டுக் கிடந்த இருமலெல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு வந்தன.

அந்த இருமல் நிற்கவில்லை. உருகுந்தம்மா ஓடிவந்தாள். அப்பா ஓடிவந்தார். அவன் துப்பிய சளி துருப்பிடித்த ஆணியின் நிறத்தில் இருந்தது.

"ஐயோ சாமி, இது எப்பலேர்ந்து?" என்று அலறினாள் அவன் அம்மா.

"ரொம்ப நாளா அத்தை. அடக்கிக்கிட்டே இருந்திருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்பவே போகலாம்" என்றாள் ஹைமா.

கொட்டகையிலிருந்து திருப்பதம்மாவும் வந்துவிட்டாள். எல்லாரும் ஒரே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஈரண்ணாவின் விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் காற்று வரும் முகமூடி வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் அவன் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நிமோனியா. சளி நுரையீரலுக்குள்ள இறங்கிடுச்சு. எத்தனை நாளா இருமல்?"

"இப்பதாங்க, அரைமணி நேரமா" என்றார் அப்பா.

"அரைமணி நேரத்துல இப்படி ஆகாது."

ஹைமாவின் தொண்டை கரகரத்தது. அவள் எச்சிலை விழுங்கவில்லை.

"பதினோரு நாள்" என்றாள். "வகுப்புல எல்லாருக்கும் சளி வந்த அன்னைக்கே அவனுக்கும் வந்தது. இருமலை அடக்கறதுக்கு நான்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வாசல், போட்டி, நாக்கு, பத்துவரை எண்ணுவது, தயிர்ச்சோறு. சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தாள். ஈரண்ணாவின் அப்பா அவளைத் திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தானே புனுகுலு வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

டாக்டர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு ஹைமாவின் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. கிருமியை நீ கொண்டுவந்து அவனுக்குள்ள போடலை. இருமலை அடக்கினதால மட்டும் இந்தக் காய்ச்சல் வராது."

ஹைமாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனா அவன் இருமற சத்தம் கேட்டிருந்தா, இவங்க பத்து நாளுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பாங்க. மாத்திரையோட போயிருக்கும்" என்றார் டாக்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"எங்களுக்கு அது பாடமாவே இருக்கு" என்றாள் ஹைமா. "நான்தான் வாசிச்சேன். மூக்கிலுள்ள முடி தூசியைத் தடுக்கிறது. கிருமிகளைச் சளி ஒட்டிப் பிடிக்கிறது. மெல்லிய இழைகள் மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமல்..."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு எழுத்துத் தப்பில்லாமல் வாசித்தோமே, பின்பெஞ்சில் அவன் கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தானே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது திருப்பதம்மா ஹைமாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "உன்னைத் திட்டலாம்னு பாக்கறேன். வாய் வரமாட்டேங்குது. நாங்க எண்பது பேர் தினமும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்?"

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குள் வேறு குழந்தைகளை விட மாட்டார்கள். ஹைமா தினமும் உருகுந்தம்மாவிடம் கேட்டுக்கொள்வாள். முகமூடியை எடுத்துவிட்டார்கள் என்றாள் ஒருநாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான் என்றாள் இன்னொரு நாள். "என்னைக் கேட்டானா அத்தை?" என்று கேட்க ஹைமாவுக்கு ஆசை. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை, "வா, கூட்டப் போறாங்க" என்று கோட்டேசு கூப்பிட்டான். ஹைமா போய் வரிசையில் நின்றாள். தூசி கிளம்பியது. தொண்டை கரகரத்தது. அவள் வாயைத் திறந்து நன்றாக இருமினாள்.

"ஹைமாவா! ஹைமா தயிர்ச்சோறு!" என்று குதித்தான் கோட்டேசு.

"ஆமா" என்றாள் ஹைமா. முந்தானை போலத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வந்தார்கள். அப்புறம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கோட்டேசு வாசலில் கொஞ்ச நேரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். ஆனால் யாருமே இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் ராஜாவாக நிற்பது? அவனும் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

ஈரண்ணாவைப் பன்னிரண்டாம் நாள் வெளியே விட்டார்கள். மறுநாள் காலையிலேயே அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் வேலை இருந்தது. ஆனால் இந்தத் தூசி இப்போதைக்கு அவனுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹைமா அம்மாவோடு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

ஈரண்ணா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சட்டை அவனுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. ஹைமா வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவனைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டன. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ இருமினது நிஜமா, பொய்யா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"முதல் ரெண்டு பொய். மூணாவது நிஜம்."

"தும்மலு?"

"அது எனக்கே தெரியலை."

ஈரண்ணா சிரித்தான். ஹைமாவுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "ஈரா, நான் அதைச் சொல்லிக்குடுத்திருக்கவே கூடாது. உன்னைத் தயிர்ச்சோறுன்னு கூப்பிடாதீங்கடான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அது எனக்குத் தோணவே இல்லை" என்றாள்.

அவன் தோளைக் குலுக்கினான். "எனக்கும் தோணலை."

ஆதோனி பஸ் வந்து நின்றது. அப்பா மூட்டைகளை மேலே ஏற்றினார். அம்மா இடம்பிடிக்க உள்ளே போனாள். ஈரண்ணா எழுந்து நின்றான். நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். கழுத்து இறுகியது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது ஹைமாவுக்குத் தெரிந்தது. உதடுகள் அசையத் தொடங்கின. பிறகு அவன் நிறுத்திக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"ஹைமா," என்று மெல்லக் கேட்டான், "இங்க இருமலாமா?"

ஹைமா சொல்லிக்கொடுத்து மூன்றே வாரத்தில் அவன் பழகியது அது. மறக்க அவனுக்கு எத்தனை நாளாகுமோ?

"இருமு" என்றாள்.

அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினான். ஹைமா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எலும்புகள் கையில் தட்டுப்பட்டன.

"இன்னும் இருக்கா?"

"கொஞ்சம்."

"அதையும் இருமு."

டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறு தம்பி, நேரமாச்சு!" என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். ஹைமா ஒரு கையால் கண்டக்டரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கையை அவன் முதுகிலிருந்து எடுக்கவில்லை. ஈரண்ணா அவசரப்படாமல் இருமி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.